தேவசகாயம் கொண்டுவந்த சட்டம்

தேவசகாயத்துக்குப் பயம் பிறவியிலேயே வந்தது. அதற்குச் சம்பளம் கிடைக்கத்தான் இருபத்தைந்து வயதானது. கடலூர் முதுநகரில் பிறந்து, ஐ.டி.ஐ. முடித்து, சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியின் ஃபயர் அண்ட் சேஃப்டி பிரிவில் சேர்ந்தார். வீட்டில் எதற்கெல்லாம் திட்டு வாங்கினாரோ அதற்கெல்லாம் அங்கே பாராட்டினார்கள். மூடிய வால்வை இன்னொரு தரம் மூடிப் பார்ப்பது, ஏணியில் ஏறுமுன் அதை ஆட்டிப் பார்ப்பது, எங்கே போனாலும் முதலில் வெளியே ஓடும் வழி எது என்று பார்ப்பது. கம்பெனியில் இதற்குப் பெயர் பாதுகாப்பு உணர்வு. தெருவில் இதற்குப் பெயர் ‘ஹெல்மெட்டு’. பெட்ரோல் தீர்ந்துபோன வண்டியை ஒருநாள் தள்ளிக்கொண்டு வந்தபோதும் அவர் ஹெல்மெட்டைக் கழற்றாததால் வந்த பட்டம் அது.

முப்பத்து மூன்று வயதில் சிதம்பரத்து ஜெயமேரியைக் கட்டினார். கல்யாணத்தன்று மாப்பிள்ளை அழைப்புக்குப் பட்டாசு கொளுத்தப் போகிறார்கள் என்று தெரிந்ததும், மாலையும் கோட்டுமாக நின்றிருந்த மாப்பிள்ளை, “ரெண்டு பக்கெட் மணல் கொண்டாங்க, அப்புறம் கொளுத்துங்க” என்றார். அந்த மணலுக்காக ஊர்வலமே நின்றது. பெண்ணின் அண்ணன் ஞானப்பிரகாசம்தான் பக்கத்துக் கட்டட வேலையிலிருந்து மணல் அள்ளிவந்து வைத்து, மைக்கில், “மாப்பிள்ளை கேட்ட சீரு வந்தாச்சு, இனிமே வெடிக்கலாம்!” என்று அறிவித்தார்.

ஞானப்பிரகாசத்துக்கு மைக் இல்லாமல் பேச வராது. சிதம்பரத்தில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். கல்யாணம், காது குத்து, கட்சிக் கூட்டம், மாதா தேர், எல்லாவற்றுக்கும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான். ஆளும் அதற்கேற்ற ஆகிருதி. அகன்ற வயிறு, அதற்குக் கீழே அகன்ற மடி. சொந்தத்தில் பிறந்த அத்தனை குழந்தைகளும் அந்த மடியில் உட்கார்ந்துதான் காது குத்திக்கொண்டன. அதில் அவருக்கு ஒரு பெருமை உண்டு. “எம் மடியில ஒரு புள்ள அழுதுருக்குமா சொல்லு” என்பார். எல்லாமே அழுதிருக்கின்றன. ஸ்பீக்கர் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது.

2008-இல் கம்பெனியில் ஒரு புது பிளான்ட் ஓட்டிவைக்க ஜெர்மனியிலிருந்து வந்திருந்த இன்ஜினீயர், வேலை முடிந்து குடும்பத்தோடு ஊர் திரும்பினார். புதுச்சேரியில் அவர் குடியிருந்த வீட்டிலிருந்த சாமான்களை, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். வாஷிங் மெஷினை ஸ்டோர்ஸ்காரர் எடுத்தார். மைக்ரோவேவ் அடுப்பை அக்கவுண்ட்ஸ்காரர் எடுத்தார். மாடிப்படியில் கைப்பிடி இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஏறிய தேவசகாயம் போய்ச் சேர்ந்தபோது, மிச்சமிருந்தது மூலையில் ஒரு நாற்காலி. கால் இல்லை. தலைக்கு இரண்டு பக்கமும் காதுபோல நீட்டிக்கொண்டிருந்தது. நடுவே சிவப்புப் பொத்தான், அதில் வந்து மாட்டிக்கொள்ளும் பட்டைகள்.

இன்ஜினீயர் அரைகுறை இங்கிலீஷில் விளக்க, தேவசகாயம் அரைகுறை இங்கிலீஷில் வாங்கிக்கொண்டார். காரில் குழந்தையை உட்காரவைக்கும் சீட் அது. அவர்கள் ஊரில் அது சட்டம். அது இல்லாமல் குழந்தையைக் காரில் ஏற்றினால் போலீஸ் பிடிக்கும். தேவசகாயம் தன் தொடையைத் தட்டிக்காட்டி, மடியில் வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்டார். இன்ஜினீயர் தலையை ஆட்டிய ஆட்டலில், இத்தனை வருடம் மடியில் உட்கார்ந்து பஸ்ஸில் போன தமிழ்நாட்டுக் குழந்தைகள் எல்லாம் எப்படி உயிரோடிருக்கின்றன என்ற சந்தேகம் தேவசகாயத்துக்கு வந்துவிட்டது.

அப்போது அவரிடம் காரும் இல்லை, குழந்தையும் இல்லை. இருந்தாலும் சீட்டைப் பஸ்ஸில் கட்டிக்கொண்டு வந்தார்.

“எதுக்குங்க இது? சலூன் வெக்கப் போறீங்களா?” என்றாள் ஜெயமேரி.

அடுத்த வருடம் லியோ பிறந்தான். பிறந்த கையோடு தேவசகாயம் ஒரு பழைய மாருதி எண்ணூறு வாங்கினார். ஊரில் மற்றவர்கள் காருக்கு சீட் கவர் வாங்குவார்கள்; இவர் சீட்டுக்குக் கார் வாங்கினார் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். அந்தக் காரின் பின்சீட்டில் பெல்ட்டே கிடையாது. மெக்கானிக்கிடம் போய் பெல்ட் வைத்து, அதன் போல்ட்டை நாலு பேரை விட்டு இழுக்கச் சொல்லி, ஐந்தாவதாகத் தானும் இழுத்துப் பார்த்து, அப்புறம்தான் சீட்டைக் கட்டினார்.

லியோவுக்கு அந்த சீட் பிடித்துப்போனது. மந்திரி மாதிரி உட்கார்ந்துகொண்டு ஜன்னல் வழியே தெருவைப் பார்ப்பான். வண்டி ரயில்வே கேட் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவான். பிடிக்காமல் போனது மற்றவர்களுக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை கோயில் வாசலில் கார் நின்றால் ஜன்னலில் நாலைந்து முகம் எட்டிப் பார்க்கும். எதிர்வீட்டுத் தைலம்மாள் நேராகவே கேட்டுவிட்டாள்.

“ஏம்மா மேரி, மடியில வெச்சிக்க ஆள் இல்லாத புள்ளயா இது? இப்டிக் கயித்தப் போட்டுக் கட்டி வெச்சிருக்கீங்க? கூப்புட்டா நான் வரமாட்டேனா?”

ஜெயமேரிக்கு மானம் போயிற்று. “பாத்தீங்களா, புள்ளயக் கட்டிப்போட்டு வளக்குறோம்னு பேராவுது” என்று வீட்டுக்குள் வந்து பொரிந்தாள். ஆனால் சீட்டைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்து, அதில் மகனை மாட்டி, இடுப்பில் தூக்கிக்கொண்டு அலையாமல் சோறு ஊட்டலாம் என்று அவளே கண்டுபிடித்த பிறகு, குற்றம் சொல்வது கொஞ்சம் குறைந்தது.

லியோவுக்கு ஒரு வயது முடிந்ததும் சிதம்பரத்தில் காது குத்து வைத்தார்கள். தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் குத்த வேண்டும். அதுமட்டும் போதாது என்று ஞானப்பிரகாசம் முதல் நாளே கடலூருக்கு வந்துவிட்டார். மருமகனை முதுநகரிலிருந்து சிதம்பரம் வரைக்கும் தன் மடியிலேயே வைத்துக் கொண்டுபோக வேண்டும் என்பது அவருடைய ஏற்பாடு. காலையில் குளித்து, பட்டு வேட்டி கட்டி, காரின் பின்கதவைத் திறந்தார். மடிக்குரிய இடத்தில் சீட் இருந்தது.

“மாப்ள, என்னா இது?”

“லியோ உக்கார்ற சீட்டு மச்சான்.”

“கழட்டி டிக்கில போடு. அவன் எம் மடியில வருவான்.”

“இல்ல மச்சான், அவன் இதுலதான் வருவான்.”

ஞானப்பிரகாசம் தன் மடியை ஒருமுறை குனிந்து பார்த்தார். பிறகு தங்கையைப் பார்த்தார். குரல் ஏறியது. மைக் இல்லாமலே தெருவுக்குக் கேட்டது. “ஏம்மா, பதினேழு புள்ளைங்க உக்காந்த மடி இது! உம் புருசனுக்கு எம் மடி பத்தலயாமே!”

ஜெயமேரி, “அண்ணன் கேக்குதுல்ல, இன்னிக்கு ஒரு நாளு கழட்டுங்களேன்” என்றாள். தைலம்மாள் கோலம் போடுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். பால்காரர் சைக்கிளிலிருந்து ஒரு காலை ஊன்றி நின்றார். கெமிக்கல் டேங்க் பக்கத்தில் பீடி பற்றவைத்தவனைச் சட்டையைப் பிடித்து இழுத்த தேவசகாயத்துக்கு, மச்சானிடம் பேச வாய் வரவில்லை. பயமாக இருக்கிறது என்று சொன்னால் தெரு சிரிக்கும். அந்தத் தவிப்பில் வாயில் வந்தது இதுதான்:

“சட்டம் இருக்கு மச்சான்.”

ஞானப்பிரகாசத்தின் குரல் அப்படியே இறங்கியது.

அவருக்குச் சட்டம் என்றால் தனி மரியாதை. இரண்டு வருடத்துக்கு முன், நேரங்கடந்து பாட்டுப் போட்டதற்காக அவருடைய ஆம்ப்ளிஃபயரைப் போலீஸ் தூக்கிக்கொண்டு போய்விட, அதை மீட்பதற்குள் அவர் பாதியாக இளைத்திருந்தார். அன்றிலிருந்து சட்டம் என்ற சொல்லைக் கேட்டாலே ஒரு சுவிட்சை அணைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை பார்ப்பார்.

“சட்டமா? எப்போலேர்ந்து?”

“இருக்கு மச்சான். கார்ல புள்ளய மடியில வெக்கக் கூடாது. சீட்டுலதான் வெக்கணும். இல்லன்னா போலீஸ் புடிக்கும்.”

சொன்னதில் ஒரு வார்த்தையும் பொய்யில்லை என்று தேவசகாயம் பிற்பாடு பலமுறை மனசுக்குள் வாதாடினார். எந்த நாட்டில் என்பதை மட்டும் சொல்லவில்லை.

“அத மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே!” என்று ஞானப்பிரகாசம் முன்சீட்டில் போய் உட்கார்ந்தார். “சட்டம்னா சட்டம்தான். வண்டிய எடு.”

ஆலப்பாக்கம் தாண்டி ரோட்டில் போலீஸ் நின்று வண்டிகளை மறித்துக்கொண்டிருந்தது. லைசென்ஸ், ஆர்.சி. என்று வழக்கமான சோதனைதான். தேவசகாயம் காகிதங்களை எடுப்பதற்குள் ஞானப்பிரகாசம் ஜன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டிவிட்டார்.

“சார்! புள்ளய சீட்டுலதான் சார் வெச்சிருக்கோம்! மடியில வெக்கல சார்! வேணும்னா பாத்துக்குங்க!”

ஓர் இளம் போலீஸ்காரர் பின்ஜன்னலில் குனிந்து பார்த்தார். காதுவைத்த நாற்காலியில், நெஞ்சில் பட்டை மாட்டி, ஒரு குழந்தை அவரை முறைத்தது. அவர் வாழ்நாளில் அப்படியொன்றைப் பார்த்ததில்லை. ஆனால் இத்தனை பேர் நடுவில், இது என்ன என்று ஒரு போலீஸ்காரர் கேட்க முடியுமா? தொப்பியைச் சரிசெய்துகொண்டு, “ம்ம், இப்டித்தான் இருக்கணும். எல்லாரும் இப்டி இருந்துட்டா எங்களுக்கு என்னா வேல? போங்க” என்றார்.

தேவசகாயம் சட்டென்று கியர் போட்டு வண்டியை எடுத்தார். ஞானப்பிரகாசம் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பாத்தியா மாப்ள, எவ்ளோ கரெக்ட்டா பாக்குறான் பாரு. நல்ல வேள நீ சொன்னே. நான்பாட்டுக்கு மடியில வெச்சிருந்தா இன்னிக்கு ஸ்டேஷன்லதான் காது குத்தியிருக்கணும்.”

கோயிலையடுத்த மண்டபத்தில் காது குத்து நடந்தது. லியோ மாமன் மடியில் உட்கார்ந்து, முறைப்படி, ஸ்பீக்கரை மீறி அழுதான். எல்லாம் நல்லபடியாக முடிந்து பந்தி போட்ட நேரத்தில் மைக் உறுமியது.

“ஹலோ... மைக் டெஸ்டிங். பெற்றோர்களுக்கு ஓர் முக்கிய அறிவிப்பு. கார்ல போற கொழந்தைங்கள மடியில வெக்கக் கூடாதுன்னு சட்டம் வந்திருக்கு. தனி சீட்டு வெக்கணும். ஆலப்பாக்கத்துல இப்பவே செக்கிங் நடக்குது, நானே கண்ணால பாத்தேன். மாதிரிக்கு எங்க மாப்பிள்ளையோட காரு வாசல்ல நிக்குது. சாப்ட்டுட்டுப் போய்ப் பாத்துக்கலாம்.”

தேவசகாயம் எடுத்த பிரியாணிக் கவளத்தை இலையிலேயே வைத்தார். எழுந்து போய்ச் சொல்லிவிடலாமா என்று பார்த்தார். அதற்குள் அவரைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது.

“எங்களுக்கு ரெட்டப் புள்ளைங்க. ரெண்டு சீட்டு வாங்கணுமா, ஒண்ணுல ரெண்டும் உக்காரலாமா?”

“எத்தினி வயசு வரைக்கும் சார்? எம் பையன் ஒம்பதாவது படிக்கிறான், ஆனா பாக்க ஆளு ஜாஸ்தி இல்ல.”

“டி.வி.எஸ். ஃபிஃப்டில எங்கங்க மாட்றது? முன்னாடி அரிசி மூட்டை இருக்கும், பின்னாடி அவங்கம்மா இருக்கும்.”

சிதம்பரத்து ஆட்டோ ஸ்டாண்டில் பெரிய ஆளான காத்தவராயன் இலையை மூடிவிட்டே வந்தார். “சார், ஸ்கூல் ட்ரிப்புல நான் பதிமூணு ஏத்துறேன். பதிமூணு சீட்டு வெச்சா நான் எங்க உக்கார்றது? மேலயா?”

தேவசகாயம் அன்று சொன்னதெல்லாம், “கார்ல மட்டும்தான்... இப்போதைக்கு ஒண்ணும் அவசரமில்ல... நிதானமா பாத்துக்கலாம்” என்பவைதான். அந்த நிதானமே ஏதோ உள்விவகாரம் தெரிந்தவர் பேச்சு போலிருந்ததால், நம்பாமல் இருந்த ஒன்றிரண்டு பேரும் நம்பிவிட்டார்கள்.

அடுத்த வாரம் கம்பெனிக்கு மச்சானிடமிருந்து போன் வந்தது. “மாப்ள, நம்ம சடையப்பன் இருக்கான்ல, குஷன் கடை? அவங்கிட்ட சொல்லி சீட்டு தெக்கச் சொல்லிட்டேன். பிளாஸ்டிக் சேர் கால வெட்டிட்டு, தேங்கா நாரு வெச்சி, ரெக்ஸின் போட்டு ஜம்முனு இருக்கு. சட்டத்துல கலர் ஏதாச்சும் சொல்லியிருக்கா?”

“மச்சான், நான் ஒரு விஷயம் சொல்லணும்...”

“இரு, லைன் கட்டாவுது. மெரூன் போடச் சொல்றேன்.”

சனிக்கிழமை கோயிலில், பாவத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தில் தேவசகாயம் பங்குச் சாமியாரிடம் கேட்டார்: உண்மையைச் சொல்லி ஊரை மட்டும் சொல்லாமல் விட்டால் அது பொய்யா?  கம்பித் தடுப்புக்கு அந்தப்பக்கமிருந்து சாமியார் கவலையோடு கேட்டார்: “தம்பி, அப்போ அந்தச் சட்டம் இங்க இல்லையா? எங்க தங்கச்சி ஒரு சீட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துருச்சே!”

ஊருக்குத் தெரிய வேண்டிய விஷயம் மண்டபத்தோடு நின்றுவிடக் கூடாது என்று ஞானப்பிரகாசம் நினைத்தார். நல்ல எண்ணம்தான். காத்தவராயன் ஆட்டோவில் இரண்டு குழாயைக் கட்டி, மேல வீதி, வடக்கு வீதி, கீழ வீதி, தெற்கு வீதி என்று தேரோடும் வழியெல்லாம் தன் செலவில் அறிவித்துக்கொண்டே வந்தார். தெற்கு வீதியில் ஏட்டு கோவிந்தசாமி ஆட்டோவை மறித்தார்.

“யாரு குடுத்தா பர்மிஷன்?”

“பர்மிஷன் எதுக்கு சார்? உங்க சட்டத்ததான் சொல்றேன்.”

“எங்க சட்டமா? எந்தச் சட்டம்?”

தேவசகாயத்துக்குப் போன் போனது. பாதி ஷிஃப்டில் பர்மிஷன் போட்டுவிட்டு மாருதியில் சிதம்பரம் ஸ்டேஷனுக்கு வந்தார். ஞானப்பிரகாசம் பெஞ்சில் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஆம்ப்ளிஃபயர். “இதோ வந்துட்டாரு சார் எங்க மாப்ள. சேஃப்டில இருக்காரு. அவுரு சொல்வாரு பாருங்க செக்ஷனோட.”

ஏட்டு பேனாவைத் திறந்தார். “சொல்லுங்க. என்னா செக்ஷன்?”

தேவசகாயம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். “சட்டம் இருக்கு சார்.”

“சரி, எதுல இருக்கு?”

“ஜெர்மனில சார்.”

முதலில் சிரித்தவர், ஆடு திருடிய கேஸில் மூலையில் உட்கார்ந்திருந்தவர். அப்புறம் ரைட்டர். அப்புறம் வாசலில் நின்ற காத்தவராயன். ஏட்டு மட்டும் சிரிக்காமல் பேனாவை மூடி, “ஜெர்மன் போலீசு வந்து கேட்டா ஆளக் காட்டுறேன். இப்ப ரெண்டு பேரும் பொட்டியத் தூக்கிட்டுக் கெளம்புங்க. இனிமே பர்மிஷன் இல்லாம கொழா கட்டினீங்க, கொழாய நான் வெச்சிப்பேன்” என்றார்.

வெளியே வந்தும் ஞானப்பிரகாசம் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து தேவசகாயம் பார்த்ததில்லை. ஆம்ப்ளிஃபயரைக் குழந்தைபோல அணைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறும்போது மட்டும் திரும்பினார்.

“நாலு வீதியிலயும் சொன்னேன் மாப்ள.”

அவ்வளவுதான். அந்தக் கிறிஸ்மஸுக்கு அண்ணன் கடலூருக்கு வரவில்லை. பொங்கல் போயிற்று. ஈஸ்டருக்கும் வரவில்லை. போன் செய்தால், “வேல ஜாஸ்தி” என்று அண்ணிதான் பேசினாள். சிதம்பரத்தில் அவரை ‘ஜெர்மன் சவுண்ட் சர்வீஸ்’ என்று கூப்பிடுவதாகக் காதில் விழுந்தது. ஜெயமேரி சாப்பாட்டுத் தட்டை வைக்கும் சத்தமே மாறிப்போயிற்று.

“உங்க ஜெர்மன் சட்டத்துல அண்ணங்காரன தங்கச்சி வூட்டுக்கு வரவைக்க எதாச்சும் எழுதியிருக்கா? கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க.”

தேவசகாயம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாகச் சிதம்பரம் போனார். ஞானப்பிரகாசம் கடையில் ஒரு குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தார், நிமிரவில்லை.

“மச்சான், எனக்குப் பயம். புள்ளய நெனச்சா ராத்திரில கூட பிரேக் அடிக்கிற மாதிரி கனா வருது. அன்னிக்குத் தெருவுல எல்லாரும் பாத்தாங்க. பயம்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதான் சட்டம்னு சொல்லிட்டேன்.”

“உனக்குப் பயம்னு யாருக்குத் தெரியாது?” என்றார் ஞானப்பிரகாசம், துடைத்துக்கொண்டே. “உங் கல்யாணத்துக்கு மணல் அள்ளினது நான். பயம்னு சொல்லியிருந்தா நான் அன்னிக்கு எதாச்சும் பேசியிருப்பேனா?”

பேசியிருப்பார் என்றுதான் தேவசகாயத்துக்குத் தோன்றியது. ஆனாலும் தலையைக் குனிந்துகொண்டார்.

“சரி. எங்கிட்ட சொன்னது பத்தாது. நான் நாலு வீதியில சொன்னேன். நீயும் நாலு வீதியில சொல்லணும். உன் வாயால.”

கம்பெனி ஆண்டுவிழாவில் இரண்டு வரி நன்றியுரை சொல்ல எழுந்து, மைக்கைப் பார்த்ததும் ‘நன்றி’ என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தவர் தேவசகாயம். வேறு வழியில்லை. ஞானப்பிரகாசமே ஸ்டேஷனுக்குப் போய் முறையாகப் பர்மிஷன் வாங்கிவந்தார். எதற்கு என்று கேட்ட கோவிந்தசாமி, விஷயத்தைக் கேட்டதும், கீழ வீதியில் நிழல் பார்த்து நின்று கேட்பதாகச் சொல்லியனுப்பினார்.

காத்தவராயன் ஆட்டோவை ஓட்ட, பின்னால் மைக்கும் கையுமாகத் தேவசகாயம், பக்கத்தில் ஆம்ப்ளிஃபயரோடு ஞானப்பிரகாசம். ஏறியதும் தேவசகாயம் முதலில் செய்த வேலை, குழாய் கட்டிய கயிற்றை இழுத்துப் பார்த்ததுதான். மேல வீதியில் குரல் ஆட்டுக்குட்டிபோல நடுங்கியது. “அன்பான... பொதுமக்களே... கொழந்தைங்க சீட்டு... சட்டம் இல்ல. எங்க மச்சான் மேல தப்பு இல்ல. நான்தான் தப்பா சொன்னேன். அது ஜெர்மனில.”

“சத்தமா!” என்று ஒரு பூக்கடையிலிருந்து கேட்டது.

வடக்கு வீதியில் திரும்பும்போது எதிரே ஒரு ஸ்கூட்டர் வந்தது. முன்னால் மூன்று வயதுப் பையன் ஒருவன் நின்றுகொண்டு ஹேண்டில்பாரைப் பிடித்திருந்தான். மைக் கையில் இருப்பதே தேவசகாயத்துக்கு மறந்துபோயிற்று.

“யோவ் நீலச் சட்ட! புள்ளய ஏன்யா முன்னாடி நிக்க வெச்சிருக்கே? எறக்கு! பின்னாடி உக்கார வையி!”

இரண்டு குழாயிலும் அது இடிபோல இறங்கியது. நீலச் சட்டை வெலவெலத்து, ஓரங்கட்டி, பையனைத் தூக்கிப் பின்னால் உட்கார்ந்திருந்த தாயிடம் கொடுத்தார். அந்த ஒரு சத்தத்தோடு தேவசகாயத்தின் நடுக்கம் போய்விட்டது. பிளான்ட்டில் நிற்பதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். அதற்கப்புறம் யாரையும் விடவில்லை. “மஞ்சப் புடவ அக்கா, சக்கரத்துல முந்தானி! ... பச்சக் கலர் வேன், கதவச் சாத்து! ... காருக்காரரே, அந்தப் பாப்பா முன்சீட்டுல நிக்குது, கண்ணாடில இடிச்சா நெத்தி என்னாவும்? சட்டம் இல்லதான், நெத்தி இருக்குல்ல?”

கீழ வீதியில் வண்டிகள் குழாய்ச் சத்தம் கேட்டதுமே சந்துகளில் திரும்ப ஆரம்பித்தன. ஹெல்மெட்டைத் தன் பைக்கின் கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டு நிழலில் நின்றிருந்த கோவிந்தசாமி, ஆட்டோ அருகில் வருவதற்குள் அவசரமாக அதை எடுத்துத் தலையில் மாட்டிக்கொண்டார். அதைப் பார்த்ததும் ஞானப்பிரகாசத்துக்கு அடக்க முடியவில்லை. வயிறு குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, ஆட்டோவே ஆடும்படி சிரித்தார். தெற்கு வீதி முனையில் ஆம்ப்ளிஃபயரை அணைத்தார்.

“போதும் மாப்ள. மறுப்பு சொல்லத்தான் பர்மிஷன் வாங்குனேன், ஊர அடக்கறதுக்கு இல்ல. வா, வூட்டுக்குப் போயி சாப்புடலாம்.”

சடையப்பன் தைத்து வைத்திருந்த மெரூன் சீட்டுகள் பிற்பாடு என்ன ஆயின என்றால், இரண்டை ஒரு சலூன்காரர் குழந்தைகளுக்கு முடிவெட்ட வாங்கிக்கொண்டார். ஒன்று ஒரு வக்கீல் வீட்டு நாய்க்குப் போயிற்று. சாமியாரின் தங்கை தன்னுடையதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. சட்டம் வந்தாலும் வராவிட்டாலும் பையன் அதில் உட்கார்ந்தால்தான் சாப்பிடுகிறான் என்றாள். காத்தவராயன் பதிமூன்றைப் பதினொன்றாகக் குறைத்து, அதை ஒரு பெரிய தியாகமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

2011 கடைசியில் தேவசகாயத்துக்கு மகள் பிறந்தாள். சகாய பிரியா என்று பேர் வைத்தார்கள். லியோ தன் சீட்டைத் தங்கைக்குத் தர மறுத்தான். “இது என்னுது. அவ மடியில வரட்டும்” என்று அவன் சொன்னபோது, தேவசகாயம் மேலே ஒன்றும் பேசாமல் சென்னையில் சொல்லிவைத்துக் கைக்குழந்தை சீட் ஒன்றை வரவழைத்தார். மாருதியின் பின்னால் இரண்டு சீட்டுக்கும் நடுவே கிடைத்த சாண் இடத்தில் ஜெயமேரி தோளைக் குறுக்கி உட்காரப் பழகிக்கொண்டாள். “புள்ளைங்களுக்கு சேஃப்டி, எனக்கு ஜெயிலு” என்பாள்.

அடுத்த மே மாதம், லீவுக்குத் தங்கையையும் பிள்ளைகளையும் அழைத்துப்போக ஞானப்பிரகாசம் கடலூர் வந்தார். பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றை, வயிற்றுக்குச் சமமான அளவில், வாங்கி வைத்திருந்தார். டிக்கியில் பெட்டிகள் இருந்ததால் பழத்தை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில் ஏறினார்.

“மச்சான், பெல்ட்டு,” என்றார் தேவசகாயம்.

“பழத்த வெச்சிக்கினு எப்டி மாப்ள? நான் புடிச்சிக்கிறேன், நீ வண்டிய எடு. எம் மடியிலேர்ந்து இதுவரைக்கும் ஒண்ணும் கீழ வுழுந்தது இல்ல.”

புதுச்சத்திரம் தாண்டி ஒரு ஆடு, எதிர்ப்பக்கத்துப் புல் மேல் ஆசைப்பட்டு, யோசிக்காமல் ரோட்டுக்குள் குதித்தது. தேவசகாயம் பிரேக்கை அழுத்தினார். ஆடு பிழைத்தது. பலாப்பழம் மச்சானின் இரண்டு கையையும் தட்டிவிட்டுப் புறப்பட்டுப் போய் டேஷ்போர்டில் மோதியது. டேஷ்போர்டு பிளந்தது, பழமும் பிளந்தது. பின்னாலேயே போன ஞானப்பிரகாசத்தின் நெற்றி கண்ணாடிக்கு ஒரு விரற்கடை முன்னால், பழத்தில் முட்டி நின்றது.

பின்சீட்டில் லியோ, “மாமா, இன்னொரு தடவ!” என்று கைதட்டினான். பிரியா கண் விழிக்கவேயில்லை. இரண்டு சீட்டும் அணைபோட்டிருந்ததால் நடுவிலிருந்த ஜெயமேரிக்கும் ஒன்றுமில்லை.

“அண்ணே, அடி கிடி பட்டுதா?” என்றாள் அவள்.

ஞானப்பிரகாசம் மீசையிலிருந்து ஒரு சுளையை எடுத்தார். பின்னால் திரும்பி இரண்டு குழந்தைகளையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் வெறும் மடியைப் பார்த்தார். தேவசகாயம் வாயைத் திறக்கவில்லை. சொல்ல ஆயிரம் இருந்தும் திறக்கவில்லை. அவர் வாழ்நாளில் செய்த பெரிய சாகசம் அதுதான் என்று ஜெயமேரி இன்றைக்கும் சொல்வாள்.

ஞானப்பிரகாசம் சுளையை வாயில் போட்டுக்கொண்டார். “பழம் நல்ல பழம் மாப்ள,” என்றார். வெள்ளாற்றுப் பாலம் வருவதற்குள் பெல்ட்டைத் தேடி இழுத்தார். அது வயிற்றைச் சுற்றி எட்டவில்லை. எட்டிய மட்டும் இழுத்து, அதன் நுனியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிதம்பரம் வரைக்கும் விடாமல் வந்தார்.